எந்த வழக்கு எந்தப் பிரிவுக்கு? கடலூர், புதுச்சேரி காவல்துறையின் சிறப்புப் பிரிவுகள்

புகார் எழுதி எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் பதில், "இது எங்க லிமிட் இல்லைங்க". அடுத்ததாக வருவது, "இதை நாங்க பார்க்க மாட்டோம், அதுக்குத் தனி பிரிவு இருக்கு, அங்கே போங்க". இரண்டாவது பதில் பாதி உண்மை. தனிப் பிரிவுகள் இருக்கின்றன. ஆனால் அவை இருப்பதால் உள்ளூர் நிலையத்தின் பொறுப்பு குறைந்துவிடுவதில்லை.

கடலூர், புதுச்சேரி பகுதியில் இந்தக் குழப்பம் மற்ற ஊர்களைவிடக் கூடுதல். இரண்டு ஊர்களுக்கும் இடையே சுமார் 25 கிலோமீட்டர்தான். ஆனால் இரண்டு அரசு, இரண்டு காவல்துறை, இரண்டு டிஜிபி. புதுச்சேரியும் ஒரே துண்டு நிலம் கிடையாது. பிரெஞ்சு ஆட்சி விட்டுப்போன எல்லை அங்கங்கே சிதறிக் கிடக்கிறது. பாகூர் பக்கமோ திருக்கனூர் பக்கமோ பைக்கில் போனால் தமிழ்நாடு, புதுச்சேரி, மறுபடி தமிழ்நாடு என்று மாறி மாறி வரும். புதுச்சேரியின் சிவப்புக் கெப்பித் தொப்பி போட்ட காவலர் நிற்கிறாரா, தமிழ்நாட்டின் காக்கித் தொப்பிக்காரர் நிற்கிறாரா என்று பார்த்துத்தான் வெளியூர்க்காரர்கள் எந்த அரசின் மண்ணில் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்கிறார்கள்.

சென்னை, கோவை, மதுரை போல இங்கே போலீஸ் கமிஷனர் இல்லை. கடலூர் 2021ல் மாநகராட்சி ஆனாலும் காவல்துறை மாவட்ட எஸ்பியின் கீழ்தான் இயங்குகிறது. புதுச்சேரி யூனியன் பிரதேசம். அதன் ஐபிஎஸ் அதிகாரிகள் டெல்லி, கோவா, அருணாசலப் பிரதேசம் எல்லாம் சேர்ந்த பொதுத் தொகுப்பிலிருந்து வருகிறார்கள். கொஞ்ச காலம் இருந்துவிட்டு மாறிப்போகிறார்கள். ஆனால் டெல்லியைப் போல் இங்கே காவல்துறை நேரடியாக மத்திய அரசின் கையில் இல்லை. புதுச்சேரி அமைச்சரவையில் உள்துறைக்கு என்று அமைச்சர் உண்டு. காரைக்கால், மாஹே, ஏனாம் மூன்றும் இதே காவல்துறையின் கீழ் வருகின்றன. மாஹே கேரளக் கரையில், ஏனாம் ஆந்திரத்தில். புதுச்சேரி நகரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறப்புப் பிரிவால் அங்கெல்லாம் எவ்வளவு வேகமாகப் போய்ச் சேர முடியும் என்பதை வரைபடத்தைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173வது பிரிவுப்படி, பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். இதைத்தான் ஜீரோ எஃப்ஐஆர் என்கிறார்கள். புதுச்சேரியின் கிருமாம்பாக்கத்தில் நடந்ததைக் கடலூர் மாவட்டத்தின் ரெட்டிச்சாவடியில் சொன்னாலும் பதிவு செய்துவிட்டு உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டியது அவர்கள் வேலை. மின்னஞ்சல் போன்ற வழியில் புகார் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்ஐஆர் நகலை இலவசமாகத் தர வேண்டும். வாங்க மறுத்தால் எஸ்பிக்கு எழுதி அனுப்பலாம், அதுவும் பலிக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். வழக்கு எந்தப் பிரிவுக்கு மாறும் என்பது அதற்குப் பிறகு காவல்துறை தனக்குள் முடிவு செய்யும் விஷயம். புகார்தாரர் அலைய வேண்டியதில்லை.

செய்தித்தாளில் "தனிப்படை அமைக்கப்பட்டுள்ளது" என்று வருமே, அது நிரந்தரப் பிரிவு அல்ல. ஒரு கொலைக்கோ கொள்ளைக்கோ நாலைந்து நிலையங்களிலிருந்து கெட்டிக்கார ஆட்களைப் பொறுக்கி எடுத்து, வழக்கு முடிந்ததும் கலைத்துவிடும் குழு. தமிழ்நாட்டு மாவட்டங்களில் தனிப்பிரிவு ஏட்டு என்று ஒருவரைச் சொல்வார்கள். அவர் எஸ்பிக்கு ஊர் நிலவரம் சொல்லும் உளவுக்காரர், வழக்கு விசாரிக்கிறவர் இல்லை. இந்தக் கட்டுரை பேசுவது நிரந்தரமாக இருக்கும் சிறப்புப் பிரிவுகளைப் பற்றி.

அவை ஏன் தேவை? என் பார்வையில் காரணம் இரண்டுதான். ஒன்று, உள்ளூர்க்காரர்களிடமிருந்து தூரம். இன்னொன்று, சாதாரண நிலையத்தில் கிடைக்காத திறமை. எந்தப் பிரிவை எடுத்தாலும் இந்த இரண்டில் ஒன்றாவது இல்லையென்றால் அது வெறும் பெயர்ப்பலகைதான்.

தூரம் எதற்கு என்று கேட்டால் சாராயத்தைப் பார்க்கலாம். புதுச்சேரியில் வரி குறைவு, மதுவின் விலையும் குறைவு. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில். வெளி மாநில மதுவைக் கொண்டுவருவது குற்றம். அதனால்தான் ஆல்பேட்டையிலும் சின்ன கங்கணாங்குப்பத்திலும் சோதனைச் சாவடிகள். புதுச்சேரிப் பக்கம் மதுவைக் கவனிப்பது கலால் துறை. தமிழ்நாட்டுப் பக்கம் காவல்துறையின் மதுவிலக்கு அமல்பிரிவு. கலால் துறையின் வேலை விற்பனையை முறைப்படுத்தி வருமானம் சேர்ப்பது, அமல்பிரிவின் வேலை அதே சரக்கு எல்லை தாண்டாமல் பிடிப்பது. ஒரே பாட்டிலை இரண்டு அரசும் இரண்டு விதமாகப் பார்க்கும்போது எல்லையில் ஒத்துழைப்பு தானாக வந்துவிடாது.

உள்ளூர் நிலையமே மதுவழக்கைப் பார்க்கக் கூடாதா? பார்க்கலாம், பார்க்கவும் செய்கிறது. ஆனால் தினமும் அதே தெருவில் ரோந்து போகிறவருக்கும் அங்கே விற்கிறவருக்கும் பழக்கம் ஏற்படும். பழக்கம் மாமூலாகும். அதனால்தான் அந்த நிலையத்துக்குக் கட்டுப்படாத ஒரு பிரிவு. நோக்கம் நல்லதுதான். ஆனால் 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் நடந்த விஷச்சாராயச் சாவுகளை மறக்கவே முடியாது. கருணாபுரம் சம்பவத்தில் மட்டும் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். இரண்டு இடத்திலும் கொன்றது மெத்தனால். ஆலைகளுக்குப் போக வேண்டிய ரசாயனம். ஊறல் போட்டுக் காய்ச்சும் பழைய சாராயத்தைத் தேடிப் பழகிய பிரிவு, ரசாயன கேன் கைமாறுவதைக் கவனிக்கும்படி அமைக்கப்படவில்லை. கள்ளக்குறிச்சியில் எஸ்பி முதல் மதுவிலக்கு அமல்பிரிவினர் வரை பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். தனிப் பிரிவு என்று ஒன்று இருந்தும் காப்பாற்றவில்லை என்பதுதான் இதன் பொருள். மரக்காணம் வழக்கு மாநிலக் காவல்துறையின் குற்றப் புலனாய்வுப் பிரிவான சிபிசிஐடிக்குப் போனது. கள்ளக்குறிச்சி வழக்கும் முதலில் சிபிசிஐடிக்குப் போய், 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சிபிஐக்கு மாறியது. 2024லேயே தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு, கள்ளச்சாராயத்தால் உயிர் போனால் ஆயுள் தண்டனையும் குறைந்தது 10 லட்சம் ரூபாய் அபராதமும் என்று ஆனது. தண்டனை கூடியது சரி. மெத்தனால் கணக்கை மாநில எல்லைக்கு இரண்டு பக்கமும் சேர்த்துப் பார்ப்பது யார் என்பதற்கும் அதே தீவிரம் வேண்டும்.

தூரத்தின் அவசியத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி கடலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2003 ஜூலையில் விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில், சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட கண்ணகி, முருகேசன் இருவரையும் விஷம் கொடுத்துக் கொன்றார்கள். உள்ளூர்க் காவல்துறை முதலில் நடந்துகொண்ட விதமே பிறகு வழக்கின் ஒரு பகுதியானது. 2004ல் உயர் நீதிமன்றம் விசாரணையை சிபிஐயிடம் கொடுத்தது. 2021 செப்டம்பரில் கடலூர் சிறப்பு நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. அதில் இரண்டு பேர் காவல் அதிகாரிகள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. இருபத்திரண்டு வருஷம். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கை டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்று 1995ஆம் ஆண்டு விதிகள் ஏன் சொல்கின்றன, சமூக நீதி மற்றும் மனித உரிமைகள் பிரிவு என்று ஏன் ஒன்று வைத்திருக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இந்த வழக்கை எடுத்துக் காட்டலாம். ஊர்ப் பெரிய மனிதர்களோடு தினமும் முகம் பார்த்துப் பழகாத ஒரு கை அந்தக் கோப்பைத் தொட வேண்டும்.

இனி திறமை. இன்றைக்கு இரண்டு ஊரிலும் சாதாரணக் குடும்பங்களுக்கு அதிகம் தேவைப்படும் பிரிவு சைபர் கிரைம்தான். பணம் போனதும் முதலில் செய்ய வேண்டியது 1930க்கு அழைப்பது. நாடு முழுவதும் ஒரே எண். மோசடிக்காரன் பணத்தை முதல் கணக்கில் வைத்திருக்க மாட்டான். சில நிமிடத்தில் இரண்டாவது, மூன்றாவது கணக்குக்குப் பிரித்து அனுப்பி, கடைசியில் ஏடிஎம்மில் எடுத்துவிடுவான். 1930ல் பதிவானதும் அந்தத் தகவல் வங்கிகளுக்குப் போய், பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கே அந்தத் தொகை முடக்கப்படும். அதனால் பரிவர்த்தனை எண், நேரம், தொகை மூன்றும் கையில் இருக்க வேண்டும். "காலையில பார்த்துக்கலாம்" என்று விட்டால் பெரும்பாலும் அவ்வளவுதான். முடக்கிய பணம் திரும்பிவர நீதிமன்ற உத்தரவு தேவைப்படலாம், அதற்கு எஃப்ஐஆர் உதவும். போனில் சொன்னதோடு நிற்காமல் எழுத்துப் புகாரும் கொடுத்து வைப்பது நல்லது.

இதில் நம் பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த இரண்டாவது, மூன்றாவது கணக்குகள் பல சமயம் சில ஆயிரம் ரூபாய்க்காகத் தங்கள் வங்கிக் கணக்கை அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்த கல்லூரி மாணவர்களுடையவை. எங்கோ வடக்கே பதிவான வழக்கில் இங்கே உள்ள மாணவன் பெயர் வந்துவிடும். தெரியாமல் செய்தேன் என்பது விசாரணையில் எடுபடுவது கடினம். அப்புறம், வீடியோ அழைப்பில் வந்து "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டுகிற எந்தப் பிரிவும் இந்தியாவில் கிடையாது. சிபிஐ, சுங்கத்துறை, மும்பை போலீஸ் என்று என்ன பெயர் சொன்னாலும் போனை வைத்துவிடலாம்.

நிதி நிறுவன மோசடி வேறு கதை. வட்டி ஆசை காட்டி டெபாசிட் வாங்கிவிட்டுக் கதவை மூடும் நிறுவனங்களுக்குத் தமிழ்நாட்டில் பொருளாதாரக் குற்றப்பிரிவும், 1997ஆம் ஆண்டு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கின்றன. இந்தச் சட்டத்தின் பலம் கைது இல்லை, சொத்து முடக்கம். அரசு ஆணை போட்டு நிறுவனத்தின் சொத்தை முடக்கி, சிறப்பு நீதிமன்றம் உறுதிசெய்த பிறகு ஏலம் விட்டு டெபாசிட்தாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வழி இருக்கிறது. புதுச்சேரிக்கும் 2004ல் இதேபோல ஒரு சட்டம் வந்தது. அது செல்லும் என்று 2012ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பணம் போட்டவர் ரசீதுகளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு புகார்தாரர் பட்டியலில் சேர வேண்டும். தனியாக ஏஜென்டிடம் போய்ப் பேரம் பேசிப் பாதியாவது கிடைக்கட்டும் என்று ரசீதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அந்தப் பட்டியலில் இடம் போய்விடும். நிலமோசடி, வேலை வாங்கித் தருகிறேன் என்று ஏமாற்றுவது போன்ற பெரிய தொகை வழக்குகள் கடலூரில் மாவட்டக் குற்றப்பிரிவுக்குப் போகும்.

திறமை என்றால் என்ன என்று எனக்கு மிகவும் நிறைவாகக் காட்டுவது சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு. 1983ல் தொடங்கியது. விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயில் மாடத்தில் இருந்த அர்த்தநாரீசுவரர் கற்சிலை ஆஸ்திரேலியாவுக்குப் போய், சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் அதை 2004ல் விலை கொடுத்து வாங்கியிருந்தது. விற்றவர் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர். அது நம் கோயில் சிலைதான் என்று எப்படி நிரூபிப்பது? இங்கேதான் புதுச்சேரி வருகிறது. கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955ல் தொடங்கப்பட்டது. அதன் ஆட்கள் பல வருஷம் ஊர் ஊராகப் போய்த் தமிழ்நாட்டுக் கோயில்களைப் படம் பிடித்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். விருத்தாசலத்து அர்த்தநாரியின் பழைய படமும் அதில் இருந்தது. அது அருங்காட்சியகப் படத்தோடு பொருந்தியது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்த டோனி அபோட் டெல்லியில் அந்தச் சிலையையும், அரியலூர் ஸ்ரீபுரந்தான் நடராசரையும் நேரில் ஒப்படைத்தார். கபூர் 2011ல் ஜெர்மனியில் பிடிபட்டு, 2012ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் இன்னொரு சிலை வழக்கில் அவருக்கு 10 ஆண்டு சிறை விதித்தது.

இதில் கவனிக்க வேண்டியது: ஒரு உள்ளூர் நிலையம் சிலை திருட்டை வழக்கமான களவு வழக்காகப் பதிவு செய்து, துப்புக் கிடைக்கவில்லை என்று மூடிவிடும். ஆவணக் காப்பகத்தில் தேடுவதும், வெளிநாட்டு ஏலப் பட்டியலைப் படிப்பதும், தொல்லியல் வல்லுநரிடம் கருத்து வாங்குவதும் ஒரு இன்ஸ்பெக்டர் தன் அன்றாடச் சண்டை சச்சரவுகளுக்கு நடுவே செய்யக்கூடிய வேலை இல்லை. நம் கிராமக் கோயில்களில் இன்னும் எத்தனையோ சிலைகளுக்கு ஒரு நல்ல படம்கூடக் கிடையாது. தர்மகர்த்தாக்களும் ஊர் இளைஞர்களும் நான்கு பக்கமிருந்தும் படம் எடுத்து, உயரத்தை அளந்து எழுதி வைத்தால், நாளைக்கு அந்தப் பிரிவுக்கு அதுவே ஆதாரம்.

கடலுக்கும் தனி ஏற்பாடு உண்டு. தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1994ல் இலங்கைப் போர்க் காலத்தில் உருவானது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடலோரக் காவல் நிலையங்களும் ரோந்துப் படகுகளும் கூடின. புதுச்சேரிக்கும் கடலோரக் காவல் நிலையம் இருக்கிறது. கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 22 கிலோமீட்டர் வரை மாநிலக் காவல்துறைக்கு வேலை. அதற்கு அப்பால் கடலோரக் காவல்படை, கடற்படை. ஆனால் தேவனாம்பட்டினத்திலும் வீராம்பட்டினத்திலும் மீனவர்களுக்கு நிஜமான பிரச்சினை தீவிரவாதி இல்லை, மீன் கூட்டத்தையே சுற்றி வளைத்து அள்ளும் சுருக்குமடி வலை. 2021 ஆகஸ்டில் வீராம்பட்டினம், நல்லவாடு மீனவர்கள் கடலிலேயே மோதிக்கொண்டார்கள், போலீஸ் வானத்தை நோக்கிச் சுட்டது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு வெளியே வாரம் இரண்டு நாள் மட்டும் சுருக்குமடி பயன்படுத்த இடைக்கால அனுமதி கொடுத்தது. வலையைப் பறிமுதல் செய்வது மீன்வளத் துறை, சண்டையை அடக்குவது காவல்துறை. ஊடுருவலைத் தடுக்கப் பயிற்சி பெற்றவர்களுக்கு ஊர்ப் பஞ்சாயத்தின் நெளிவு சுளிவும் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான். கடலில் சந்தேகப் படகைப் பார்த்தால் முதலில் சொல்லப்போவது அதே மீனவர்கள்தானே.

அனைத்து மகளிர் காவல் நிலையம் தமிழ்நாட்டில் 1992ல், சென்னை ஆயிரம் விளக்கில் முதலில் வந்தது. இப்போது குடும்ப வன்முறை, வரதட்சணை, குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்கள் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் விசாரிக்கப்படுகின்றன. புதுச்சேரியிலும் மகளிர் நிலையம் இருக்கிறது. பெண் அதிகாரியிடம் பேசுவது எளிது, சந்தேகமில்லை. ஆனால் அடி வாங்கிய பெண்ணை உட்காரவைத்து "சேர்ந்து வாழப் பாரும்மா" என்று வாரக்கணக்கில் சமரசம் பேசுவது அந்த நிலையத்தின் வேலை ஆகிவிடக் கூடாது. குழந்தை மீதான குற்றத்தில் சமரசத்துக்கு இடமே இல்லை. தகவல் தெரிந்தவர் சொல்லியே ஆக வேண்டும், போலீஸ் பதிவு செய்தே ஆக வேண்டும். பக்கத்தில் மகளிர் நிலையம் இல்லையென்றால் சாதாரண நிலையத்திலேயே சொல்லலாம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். ரயிலில் பை போனால் இருப்புப்பாதை காவல். ரேஷன் அரிசி கடத்தலுக்கு குடிமைப் பொருள் குற்றப் புலனாய்வுத் துறை. மோப்ப நாய், வெடிகுண்டு செயலிழப்பு, கைரேகைப் பிரிவுகள் தாங்களாக வழக்கு நடத்துவதில்லை. கூப்பிட்டால் வந்து உதவும். தடய அறிவியலுக்கு மட்டும் புதிய சட்டம் பெரிய வேலை கொடுத்திருக்கிறது: ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய வல்லுநர் சம்பவ இடத்துக்கு நேரில் வர வேண்டும் என்பது கட்டாயம் ஆகிறது. அதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்து வருஷ அவகாசம். அதற்குள் ஆளும் வண்டியும் சேர வேண்டும். நெய்வேலி சுரங்கத்தின் காவல் மத்தியப் படையான சிஐஎஸ்எஃப் வசம். கலவரம், கூட்டம், தேர்தல் என்றால் கடலூரில் ஆயுதப்படையும், புதுச்சேரியில் ஆயுதக் காவல், ஐஆர்பிஎன் எனப்படும் இந்திய ரிசர்வ் பட்டாலியன் படைகளும் இறங்கும்.

எல்லை தாண்டிய கைது எப்படி நடக்கிறது என்று பலர் கேட்பதுண்டு. கடலூர் போலீஸ் புதுச்சேரியில் ஒருவரைப் பிடிக்கச் சட்டத்தில் தடை இல்லை. அந்தப் பகுதி நிலையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கடலூர் நீதிமன்றத்துக்கு ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம் என்பதால் தூரம் இங்கே தொல்லை தருவதில்லை. 2022ல் சிலைத் தடுப்புப் பிரிவு புதுச்சேரியில் ஒரு வீட்டில் மூன்று பழைய உலோகச் சிலைகளை மீட்டதும் இப்படி எல்லை தாண்டிப் போய்த்தான்.

இவ்வளவு பிரிவுகளையும் வைத்துக்கொண்டு காவல்துறை எங்கே சறுக்குகிறது என்றால், பந்தோபஸ்தில். புத்தாண்டு இரவு புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் கூட்டம் அலைமோதும். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பத்திலும் தேவனாம்பட்டினத்திலும் சாமிகளோடு ஊரே கடலுக்கு வரும். அமைச்சர் வருகை, தேர்தல் பிரச்சாரம் வேறு. இந்த நாட்களில் எந்தப் பிரிவு என்று பார்க்காமல் இருக்கிற ஆளையெல்லாம் தடுப்புக் கட்டைக்குப் பக்கத்தில் நிறுத்துவது காவல்துறையில் பழகிப்போன ஒன்று. சைபர் பிரிவில் பயிற்சி எடுத்த காவலர் ஒருவர் அன்று கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டிருந்தால், அதே நேரத்தில் ஓய்வூதியப் பணத்தைப் பறிகொடுத்த பெரியவரின் கணக்கு விவரத்தை யார் வங்கிக்கு அனுப்புவது? பயிற்சி கொடுத்த ஆட்களை இரண்டு வருஷத்தில் வேறு நிலையத்துக்கு மாற்றுவதும் இதே வகைச் சேதம்தான். சைபர் பிரிவு, சிலைப் பிரிவு, தடயப் பிரிவு ஆட்களுக்குப் பந்தோபஸ்திலிருந்து விலக்கும், குறைந்தபட்சப் பணிக்காலமும் எழுத்தில் உத்தரவாக வர வேண்டும். கடலூர் எஸ்பி அலுவலகமும் புதுச்சேரி காவல் தலைமையகமும் இதைத் தனித்தனியாகச் செய்தாலும் பயன் இரண்டு ஊருக்கும்தான், ஏனென்றால் பணத்தை எடுக்கிறவனுக்குப் புதுச்சேரியின் முள்ளோடையும் கடலூரின் ஆல்பேட்டையும் வேறு வேறு மாநிலம் என்பது ஒரு கணக்கே இல்லை.